கச்சை கட்டி நிற்போர்

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற்கு ஒருமுறையேனும் மனுவோடு சென்றவர் டபேதாரை மறந்திருக்க மாட்டார். தூய வெள்ளுடை, தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக இறங்கும் சிவப்பு டவாலி, அதன்மேல் துலக்கி வைத்த வில்லை, தலையில் பாகை. ஆட்சியர் தம் அறையை விட்டு வெளியே வந்தால் அவருக்கு முன்னே நடந்து வழி ஏற்படுத்துபவர் இவர். மகிழுந்தின் கதவைத் திறந்து நிற்பவரும் இவரே. மக்கள் நாவில் உடையே ஆளின் பெயராகிவிட்டது. 'டவாலி' என்றே இவரை அழைப்போர் பலர். பழைய தலைமுறையினர் 'வில்லைச் சேவகன்' என்பர். சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1997 சனவரி முதல் நாளன்று நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. புதிய எல்லை வந்தது, புதிய முத்திரை வந்தது, புதிய பெயர்ப்பலகை வந்தது. டபேதாரின் உடை மட்டும் பழைய உடையாகவே தொடர்ந்தது.

ஒரு மனிதருக்குச் சிறப்புடை உடுத்தி, அசையாமல் நிற்கவோ இன்னொருவருக்கு முன்னே நடக்கவோ செய்வது அவருக்கு நாம் அளிக்கும் பெருமையா, அல்லது அவரைச் சிறுமைப்படுத்துவதா? இக்கேள்வியை ஆட்சியரகத்து வாசலில் மட்டும் நின்று கேட்டால் விடை எளிதாகத் தோன்றும். அடிமைக் காலத்து எச்சம், அகற்றிவிடுக என்று இரண்டு வரியில் தீர்ப்பெழுதிவிடலாம். ஆனால் அலங்கார உடையணிந்து நிற்கும் காவலர்கள் உலகின் வேறு இடங்களிலும் உள்ளனர். அவர்களைக் காணும்போது அத்தீர்ப்பு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. ஆகவே ஏதென்ஸ் நகருக்குச் சென்று வருவோம்.

கிரேக்க நாடாளுமன்றத்தின் முன்னே, சிண்டக்மா சதுக்கத்தை நோக்கியவாறு, பெயரறியாப் போர்வீரரின் நினைவிடம் உள்ளது. அந்நாட்டின் விடுதலைத் திருநாளாகிய மார்ச் 25 அன்று, 1932-ஆம் ஆண்டில், அது திறந்து வைக்கப்பெற்றது. அதன் இருபுறமும் இரவும் பகலும் இரு வீரர்கள் நிற்கின்றனர். எவ்சோன்கள் என்பது அவர்கள் பெயர். பழங்கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு 'நன்கு கச்சை கட்டியவர்' என்று பொருள். போருக்கு எழுந்தோரைக் கச்சை கட்டினர் என்று சொல்லிப் பழகிய நமக்கு அப்பெயர் அந்நியமாய்த் தோன்றாது. 1868-இல் அமைந்த அரச காவற்படையின் வழிவந்த இவர்கள் இன்று குடியரசுத் தலைவரின் காவற்படையினர். கட்டாயப் படைப்பணிக்கு வரும் இளைஞர்களுள் உயரமானவர்களாய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

மற்ற நாள்களில் எளிமையான சீருடையில் நிற்கும் அவர்கள், ஞாயிறு முற்பகல் காவல் மாற்றத்தின்போதும் தேசிய விழாக்களின்போதும் முழு அணியில் வருவர். முழங்காலுக்கு மேலே நின்றுவிடும் வெண்ணிறக் கொசுவ ஆடை. ஃபுஸ்தனெல்லா என்று அதனை அழைப்பர். அதில் 400 மடிப்புகள்; துருக்கியர் ஆட்சியில் கழிந்த நானூறு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒன்று என்பது அவர்கள் சொல்லிவரும் மரபு. மேலே பூவேலை செய்த குறுஞ்சட்டை. சிவப்புத் தொப்பியிலிருந்து நீளமான கறுப்புப் பட்டுக் குஞ்சம் தொங்கும். அடிப்புறத்தில் ஏறக்குறைய 60 ஆணிகள் அறைந்த கனத்த தோற்காலணி, அதன் நுனியில் பந்துபோல் ஒரு குஞ்சம். ஆண்மகன் பாவாடை உடுத்தி நிற்கிறானே என்று மேலைநாட்டுச் சுற்றுலாப் பயணிகள் சிலர் புன்னகைப்பதுண்டு. வேட்டியில் கொசுவம் வைத்துக் கட்டும் நமக்கு அதில் நகைக்க ஒன்றுமில்லை.

இவ்வுடை எங்கிருந்து வந்தது என்பதைக் கருத வேண்டும். அரசவைத் தையற்காரர் எவரும் அதனைக் கற்பனை செய்யவில்லை. துருக்கியர் ஆட்சிக்கு அடங்காமல் மலைகளில் வாழ்ந்தவர்களைக் 'க்ளெஃப்ட்' என்றனர்; அச்சொல்லுக்குக் கள்வர் என்று பொருள். ஆட்சியாளர் கண்ணில் கள்வராயிருந்த அம்மலைமக்கள் உடுத்தியதே இந்தக் கொசுவ ஆடை. (அல்பேனியரும் இதனைத் தம் தேசிய உடை என்பர், எல்லைக்கோடு போடப்படாத காலத்து மலைகளில் அது பலர்க்கும் பொதுவாயிருந்தது.) 1821-இல் விடுதலைப் போர் மூண்டபோது அதே உடையில் அவர்கள் போரிட்டனர். பின்னர்ப் புதிய நாட்டிற்கு அரசனாக வந்த பவேரிய இளவரசன் ஓட்டோ தானும் அவ்வுடையை அணிந்துகொண்டான். கள்வனின் உடை அரசனின் தோளுக்கு ஏறியது. உடலுழைப்பாலும் குருதியாலும் அழுக்கேறிய ஒன்றை வெளுத்து, மடிப்பு வைத்து, ஒரு நாடு தன் தலைவாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

அக்காவலர் காப்பது யாரை? நினைவிடத்துச் சுவரில் ஒரு புடைப்புச் சிற்பம் உள்ளது. பழங்காலப் படைவீரன் ஒருவன் சாய்ந்து கிடந்து உயிர்விடுகிறான். தலைக்கவசம் உண்டு, கேடயம் உண்டு, உடலில் ஆடையில்லை. காவல் நிற்பவருக்கு நானூறு மடிப்பு, காக்கப்படுபவனுக்கு ஒரு முழத் துணியும் கிடையாது. அவனுக்குப் பெயரில்லை, குலமில்லை, பதவியில்லை. தன்முன் நிற்பவருக்கு அவனால் ஊதிய உயர்வு தர இயலாது. இடமாற்றம் செய்து வதைக்கவும் இயலாது. நாடாளுமன்றத்திற்குள் அமர்ந்திருப்போர் மாறிக்கொண்டே இருக்கின்றனர். எவர் உள்ளே இருந்தாலும், வாசலில் நிற்கும் வீரன் தலைவணங்குவது இறந்துபோன அந்த ஒருவனுக்கே.

இவ்வழக்கம் ஐரோப்பாவுக்கே உரியதன்று. கொங்கு நாட்டு ஊர்ப்புறங்களில் புலியோடு போரிட்டு மாண்டவனுக்கு எடுத்த புலிகுத்திக் கற்களைக் காணலாம். பழைய சேலம் மாவட்டத்தின் வடபகுதியாயிருந்து 1965-இல் தருமபுரி மாவட்டமாகப் பிரிந்த நிலப்பரப்போ நடுகற்களுக்குப் பேர்பெற்றது. கால்நடைகளை மீட்கச் சென்று அம்புபட்டு வீழ்ந்தவன், ஊரைக் காக்க நின்று வெட்டுண்டவன் ஆகியோருக்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. சிலவற்றில் வட்டெழுத்தில் பெயரும் செய்தியும் உண்டு. எழுத்தே இல்லாத கற்களும் ஏராளம்; அவற்றில் நிற்பவர்களை இன்று நாமும் பெயரறியா வீரர் என்றே சொல்ல வேண்டும். அவ்வுருவங்களை உற்றுப் பாருங்கள். முடிந்த கொண்டை, கையில் வில் அல்லது வாள், இடையில் இறுகக் கட்டிய கச்சை, அதில் செருகிய குறுவாள். சண்டைக்குப் போன நாளில் அவன் எப்படிப் போனானோ அப்படியே கல்லில் நிற்கிறான். அவ்வூர் மக்கள் வேடியப்பன் என்று பெயரிட்டு அக்கற்களை இன்றும் வழிபடுகின்றனர். மலைமகனின் உடையைக் கிரேக்கர் துணியிலும் நம் முன்னோர் கல்லிலும் காத்துவைத்தனர்.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் எவ்சோன் உடையைப் புனிதப்படுத்தியவர்கள் ஆவோம். அவ்வுடைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் கிரேக்கம் செர்மானியரின் பிடியில் இருந்தபோது, 1943-இல், அவர்களுக்கு இசைந்து நடந்த அரசு தன் நாட்டவரைக் கொண்டே 'பாதுகாப்புப் படையணிகளை' அமைத்தது. எதிர்த்துப் போராடிய சொந்த மக்களை வேட்டையாடுவதே அவற்றின் பணி. அப்படையினருக்கு அணிவிக்கப்பட்டதும் இதே கொசுவ ஆடை, இதே குஞ்சம் வைத்த காலணி. மக்கள் அவர்களைச் 'செர்மானிய எவ்சோன்கள்' என்று இகழ்ந்தனர். 1821-இன் விடுதலை உடை 1943-இல் காட்டிக்கொடுத்தவனின் உடையாயிற்று. நானூறு மடிப்பில் ஒன்றுகூட அதற்குத் தடை சொல்லவில்லை. ஆகவே உடையின் பழமையோ அழகோ அதன் நேர்மைக்குப் பிணை நிற்காது. அதை அணிந்தவர் எவர்முன் தலைகுனிகிறார், எவர்மீது துப்பாக்கியை நீட்டுகிறார் என்பதையே ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி நம் டபேதாரிடம் திரும்புவோம். அவர் உடை வந்த வழி எவ்சோனின் உடை வந்த வழிக்கு நேர் எதிரானது. டபேதார் என்பது குதிரைப்படையில் ஒரு சிற்றதிகாரியின் பெயர். பாரசீகத்திலிருந்து வந்து இந்தியப் படையில் இன்றும் வழங்குவது. பாகையும் இடைக்கச்சையும் முகலாயர் அவையில் பிரபுக்களும் அதிகாரிகளும் அணிந்தவை. திப்பு சுல்தானோடு 1792-இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கும்பினியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு இப்பகுதியை ஆள வந்தார். தாமஸ் மன்றோ அவருக்குத் துணையாயிருந்தவர்களுள் ஒருவர். பரந்த நாடு, விரல்விட்டு எண்ணக்கூடிய வெள்ளையர். சிலராயிருந்தோர் பலராய்த் தோன்ற வேண்டுமானால் ஆடம்பரம் தேவைப்பட்டது. கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி வேரூன்றிய இடமெல்லாம் நேற்றுவரை பிரபு அணிந்த பாகை இன்று ஏவலாளின் தலைக்கு இறங்கியது. உங்கள் பெரியோர் உடுத்தியதை எங்கள் வேலையாள் உடுத்துகிறான் என்பதே அவ்வுடை சொல்லாமல் சொன்ன செய்தி என்பது என் எண்ணம். அங்கே கள்வனின் உடை மேலேறியது. இங்கே பிரபுவின் உடை கீழிறக்கப்பட்டது.

விடுதலைக்குப் பின்னும் அவ்வுடை ஏன் நீடித்தது? சேலத்தில் வழக்கறிஞராயிருந்து, அந்நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றிய இராசாசி, 1948-இல் இந்தியாவின் தலைமை ஆளுநரானார். வைசிராய்கள் வாழ்ந்த மாளிகைக்குள் கதராடையோடு நுழைந்தார். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1773-இல் ஏற்படுத்திய மெய்க்காவற் குதிரைப்படை அங்கே அவரைச் சூழ்ந்து வந்தது. 1950-இல் குடியரசான பின்னும் அது கலைக்கப்படவில்லை. நடுவில் நின்றவரின் உடை மாறியது, சுற்றி நின்றவர்களின் உடை மாறவில்லை. புதிய அரசுக்கும் ஒரு கம்பீரம் தேவைப்பட்டது. கைக்கு எட்டிய கம்பீரம் அதுவாயிருந்தது. இதில் எவரையும் குறைகூற மனம் வரவில்லை. ஆயினும் தற்காலிகமாய் எடுத்துக்கொண்டது எழுபது ஆண்டுக்கும் மேலாய்த் தங்கிவிட்டது.

திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரகத்திற்கு வருவோரைக் கவனித்தவர்க்கு இவ்வுடையின் உண்மையான வேலை விளங்கும். பட்டா மாறுதலுக்காகப் பேருந்தேறி வந்த முதியவர், முதியோர் உதவித்தொகை நின்றுபோன மூதாட்டி, இவர்கள் ஆட்சியரைக் காணுமுன்னே டவாலியைக் கண்டதும் கைகூப்பிவிடுகின்றனர். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்குகிறது. டபேதார் நல்லவராயிருக்கலாம், பெரும்பாலும் அன்போடு வழிகாட்டுபவராகவே இருக்கலாம். குறை அவர் குணத்தில் இல்லை. தன் உரிமையைக் கேட்க வந்த குடிமகனை, வாசற்படியிலேயே இரந்து நிற்பவனாக உணரச் செய்துவிடுகிறது அச்சிவப்புப் பட்டை.

தாமே விலக்கிக்கொண்டோரும் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னே வெள்ளிக்கோலேந்திச் செல்பவரைச் சோப்தார் என்பர். 'சோப்' என்றால் பாரசீகத்தில் கம்பு. 2006 முதல் 2013 வரை அங்கே நீதிபதியாயிருந்த கே. சந்துரு தமக்கு அவ்வாறு எவரும் முன்செல்ல வேண்டாம் என்றார். 'மை லார்டு' என்று விளிப்பதையும் தவிர்க்கச் சொன்னார். கோல் முன்னே செல்லாததால் அவர் தீர்ப்புகளின் வலிமை குன்றிவிட்டதாக எவரும் வாதிடக் கேட்டதில்லை.

திருச்சபையும் இக்கேள்வியைத் தன் வீட்டிற்குள் கேட்டுக்கொண்டது. 1964-இல் தம் மும்முடியைக் கழற்றிப் பீடத்தின்மேல் வைத்த திருத்தந்தை ஆறாம் பவுல், 1970-இல் வத்திக்கானின் அலங்காரப் படைகளைக் கலைத்தார். உயர்குடியினர் மட்டுமே இடம்பெற்ற பிரபுக்கள் காவற்படை போயிற்று. பாலட்டைன் காவற்படையும் போயிற்று. சுவிஸ் காவலரை மட்டும் வைத்துக்கொண்டார். நீலமும் மஞ்சளும் சிவப்புமாய் வரிவரியாய் மின்னும் அவ்வுடையே எல்லாவற்றிலும் ஆடம்பரமானதாயிற்றே என்று தோன்றலாம். அதை மைக்கேலாஞ்சலோ வரைந்தார் என்றொரு கதையும் உலவுகிறது. உண்மையில் இன்றைய வடிவம் 1914-அளவில் அப்படையின் தலைவர் ஜூல் ரெப்போன் அமைத்தது. வைத்துக்கொண்டதற்குக் காரணத்தை உடையில் தேட வேண்டியதில்லை. 1527 மே 6 அன்று பேரரசரின் கூலிப்படை உரோமையைச் சூறையாடியபோது, 189 சுவிஸ் வீரர்களுள் 147 பேர் மாண்டனர். எஞ்சிய 42 பேர் திருத்தந்தை ஏழாம் கிளமெண்டைக் கோட்டைக்குள் கொண்டு சேர்த்தனர். இன்றும் புதிதாய்ச் சேரும் வீரர் உறுதிமொழி எடுப்பது அந்த மே 6-ஆம் நாளில்தான். அதிகாரமுள்ள ஒருவரைக் காக்கும் படைதான் அது, மறுக்க இயலாது. எனினும் அவ்வுடையை முதன்முதல் அணியும் நாளில் அந்த இளைஞர் நினைக்க வேண்டியவர்கள் அந்த 147 பேர்.

டவாலியை நாளையே கழற்றிவிடுக என்று சொல்லும் முற்போக்காளர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அதற்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவ்வுடை அவருக்குச் சுமையாயிருக்கலாம். சொந்த ஊர்த் திருவிழாவில் அதுவே அவர் மதிப்பாயும் இருக்கலாம். உடையை அகற்றிவிட்டு ஏவலை அப்படியே வைத்துக்கொண்டால் அவர் பெற்றது என்ன? அரசு அலுவலகத்தில் அகற்றினாலும் அவ்வுடை வேறிடத்தில் முளைத்துவிடுகிறது என்பதையும் காண்கிறோம். சேலத்திலும் நாமக்கல்லிலும் பெரிய திருமண மண்டபங்களின் வாசலிலும் துணிக்கடைகளின் வாசலிலும் ராஜா வேடத்தில் பாகையும் முறுக்கு மீசையுமாய் ஒருவர் நின்று, வருவோர்க்கெல்லாம் வணக்கம் வைக்கிறார். அவர் ஒப்பந்தக் கூலி, பாகை அவருடையதன்று. டபேதாருக்காவது ஓய்வூதியம் பற்றிய பேச்சுண்டு. கடை ஊழியர் அமர்ந்துகொள்ள இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தியது நல்ல செயல். வாசலில் நிற்கும் ராஜாவுக்கு அவ்விருக்கை எட்டிற்றா என்று அடுத்தமுறை சேலை வாங்கப் போகும்போது பார்த்து வரலாம்.

ஏதென்ஸில் எவ்சோன் ஒரு மணி நேரமே நிற்கிறார். பிறகு மாற்றாள் வந்துவிடுகிறார். நிற்கும் பொழுதில் அவர் அசையலாகாது; கோடை வெயிலில் வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்கலாகாது. அதற்கென்றே இன்னொரு வீரர் சாதாரணப் படையுடையில் அருகே இருக்கிறார். அவர் வந்து முகத்தைத் துடைத்துவிடுகிறார், கலைந்த குஞ்சத்தைச் சரிசெய்கிறார், கூட்டம் மிக நெருங்கினால் விலக்கிவிடுகிறார். புகைப்படம் எடுப்போர் பலர் அவர் சற்று விலகும்வரை காத்திருக்கின்றனர். நம் ஊரில் வாசலில் நிற்பவரின் முகத்தைத் துடைக்க எவரும் நியமிக்கப்படவில்லை.

இந்நிலத்திலும் ஆண்டுக்கு ஒருநாள் சடங்குக் காவல் நேர்மையாய் நடைபெறுகிறது. 1959 அக்டோபர் 21 அன்று இலடாக்கின் ஆட் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சீனப் படையினர் சுட்டதில் பத்துக் காவலர் மாண்டனர். அந்நாள் காவலர் வீரவணக்க நாளாய் மாவட்டந்தோறும் ஆயுதப்படை மைதானங்களில் அனுசரிக்கப்படுகிறது. அணிவகுத்து நிற்கும் காவலர்கள் துப்பாக்கியைத் தலைகீழாய்த் திருப்பிப் பிடித்துத் தலை கவிழ்கின்றனர். ஊதுகொம்பின் ஓசை எழுந்து அடங்குகிறது. ஆட்சியரும் கண்காணிப்பாளரும் மலர்வளையம் வைக்கின்றனர். சில நிமிடங்களுக்கு அந்த மைதானத்தில் பதவியில் மூத்தவர் என்று எவரும் இல்லை. நினைவுத்தூண் ஒன்றே உள்ளது.

அந்நாளில் டபேதார் ஆட்சியரின் மகிழுந்துக் கதவருகே நில்லாமல் அத்தூணருகே நின்றால் என்ன? அதே வெள்ளுடை, அதே டவாலி, அதே பாகை இருக்கட்டும். குடியரசு நாளிலும் விடுதலை நாளிலும் அவ்வாறே நிற்கட்டும். ஆண்டின் மற்ற நாள்களில், பதவியும் ஊதியமும் ஒரு காசும் குறையாமல், மற்ற ஊழியரைப் போலச் சட்டையணிந்து வாசலருகே ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு அமரட்டும். பட்டாவுக்கு எந்த அறை, உதவித்தொகைக்கு எந்த மாடி என்று அவரைவிட நன்கறிந்தவர் அக்கட்டடத்தில் இல்லை. எதிரே இன்னும் இரண்டு நாற்காலிகள் போட்டால் மனுவோடு வந்த மூதாட்டியும் அமர்ந்து பேசலாம்.